மேசைக்கு முனைக்கட்டை: வெடிப்பது ஏன், பொருத்துவது எப்படி?

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஐந்து ஒரே பொருளைச் சுற்றியே இருந்தன. மேசைப் பலகையின் இரண்டு தலைப்பிலும், பலகைகளுக்குக் குறுக்காகப் பொருத்தும் கட்டையைப் பற்றிய கேள்விகள் அவை. பாண் வெட்டும் பலகைகளுக்கு இவ்விதம் கட்டை வைக்கும் வழக்கம் இருந்ததால் ஆங்கிலத்தில் இதற்கு ‘பிரெட்போர்ட் என்ட்’ என்று பெயர் வந்தது. நான் முனைக்கட்டை என்றே எழுதுகிறேன். கறையான் பற்றியும் கதவுப் பிணைச்சல் பற்றியும் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

கேள்வி: ஐயா, ஆறடி நீளமும் மூன்றடி அகலமும் கொண்ட தேக்குச் சாப்பாட்டு மேசையொன்றைச் சென்ற வருடம் செய்வித்தோம். தச்சர் இரண்டு தலைப்பிலும் மூன்றங்குலக் கட்டை வைத்து, பசையால் ஒட்டி, நன்றாக மினுக்கித் தந்தார். அதன் பின்னர் அந்த அறைக்கு ஏசி பூட்டினோம். நான்காம் மாதம் ஒருநாள் இரவு பட்டாசு வெடித்தாற்போல ஒரு சத்தம் கேட்டது. காலையில் பார்த்தபோது ஒரு தலைப்பிலிருந்து ஒன்பது அங்குல நீளத்துக்குப் பலகை வெடித்திருந்தது. மரம் பச்சை என்கிறார் என் கணவர். ஏசிதான் காரணம் என்கிறார் தச்சர். யார் சொல்வது சரி? படம் இணைத்துள்ளேன். – வாசகி, வெள்ளவத்தை.

பதில்: இருவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை உண்டு, ஆனால் மேசையை வெடிக்கவைத்தது பசை. படத்தைப் பாருங்கள். வெடிப்பு முனைக்கட்டையை ஒட்டிய இடத்தில் அகன்றிருக்கிறது. நடுவை நோக்கிப் போகப் போக மயிரிழையாக மெலிந்து மறைந்துவிடுகிறது. சுருங்க முயன்ற பலகையைத் தலைப்பில் எதுவோ பிடித்து வைத்திருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் தேவையில்லை. முனைக்கட்டை இல்லாமல் இருந்திருந்தால் இதே மரம், இதே ஏசி அறையில், எவருக்கும் தெரியாமல் சில மில்லிமீற்றர் ஒடுங்கிவிட்டுச் சும்மா இருந்திருக்கும்.

மரம் வெயிலில் விரிகிறது, குளிரில் சுருங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உங்கள் வீட்டுக்குக் கீழே கடலோரமாக ஓடும் ரயில் தண்டவாளத்துக்கு அது பொருந்தும். வெப்பத்தில் அது நீளவாக்கில் நீள்கிறது என்பதற்காகத்தான் தண்டவாளத் துண்டுகளுக்கிடையில் இடைவெளி விடுகிறார்கள். மரத்தின் கதை வேறு. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும்போது பருக்கிறது, ஈரத்தை விடும்போது ஒடுங்குகிறது. அந்த அசைவு முழுவதும் அகலவாக்கிலும் தடிப்பிலுமே நிகழ்கிறது, நார் ஓடும் நீளவாக்கில் கணக்கில் எடுக்கும் அளவுக்கு எதுவும் நடப்பதில்லை. இப்போது முனைக்கட்டையை நினைத்துப் பாருங்கள். மேசைப் பலகைகளின் அகலம் எந்தத் திசையில் இருக்கிறதோ, அதே திசையில்தான் முனைக்கட்டையின் நீளம் இருக்கிறது. ஒன்று மூன்றடி அகலத்திலும் ஒடுங்கப் பார்க்கிறது, மற்றது அந்த மூன்றடியிலும் அசையாமல் நிற்கிறது. இரண்டையும் முழு நீளத்துக்கும் பசையால் பிணைத்துவிட்டால் எங்கேயோ ஓரிடம் அறுந்துதான் ஆகவேண்டும்.

எவ்வளவு ஒடுங்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ‘கொஞ்சம் அசையும்’ என்று கேட்டுத் தலையாட்டிவிட்டுப் பசைப் போத்தலை எடுக்கும் தச்சர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தேக்கு அசைவு குறைந்த மரம் என்று பெயரெடுத்தது. அந்தப் பெயர் நியாயமானதே. அப்படியிருந்தும், வளையங்களுக்குத் தொடுகோடாக அறுத்த தேக்குப் பலகை, தன் ஈரத்தில் ஒவ்வொரு சதவீதம் இழக்கும்போதும் அகலத்தில் ஏறக்குறைய 0.19 சதவீதம் ஒடுங்குகிறது. மரத்தின் நடுவிலிருந்து ஆரவாக்கில் அறுத்த பலகை அதில் பாதியளவே ஒடுங்கும். கொழும்பின் திறந்த காற்றில் ஈரப்பதன் 80 சதவீதமளவில் இருக்கும்போது மரம் தன்னுள்ளே 15 முதல் 16 சதவீதம் ஈரம் வைத்துக்கொண்டு அமைதியடைகிறது. ஏசி தொடர்ந்து ஓடும் அறையில் அதே மரம் 10 சதவீதத்துக்கு இறங்கக்கூடும். ஐந்து சதவீத வித்தியாசம். 900 மில்லிமீற்றர் அகலமுள்ள மேசையில் அது எட்டு மில்லிமீற்றருக்கு மேல், அதாவது ஓர் அங்குலத்தின் மூன்றிலொரு பங்கு. சாப்பாட்டு அறையில் ஏசி நாள் முழுவதும் ஓடுவதில்லை, ஓரங்குலப் பலகை வாரக்கணக்கில்தான் ஈரத்தை விடுகிறது, பலகைகள் எல்லாமே தொடுகோட்டு அறுவையாக இருப்பதுமில்லை; ஆகவே உங்கள் மேசை நாலைந்து மில்லிமீற்றர் ஒடுங்கியிருக்கும் என்று மதிப்பிடுகிறேன். அதுவே போதும் வெடிக்க.

மரம் பச்சையா என்ற கேள்விக்கு வருவோம். மரத்தைப் பத்து வருடம் அடுக்கிக் காயவைத்தேன் என்று சொல்லும் தச்சர் பொய் சொல்வதில்லை. ஆனால் கொழும்பிலோ மொறட்டுவையிலோ திறந்த கொட்டகைக்குள் அடுக்கிய மரம், சுற்றியுள்ள காற்று அனுமதிக்கும் எல்லைக்குக் கீழே காய்வதில்லை. பத்து வருடம் இருந்தாலும் நாற்பது வருடம் இருந்தாலும் 15, 16 சதவீதத்திலேயே நிற்கும். சூளையில் காயவைத்து வாங்கிய மரமும் அதே கொட்டகையில் ஒரு மழைக்காலத்தைக் கழித்தால் மீண்டும் அந்த எண்ணிக்கைக்கே ஏறிவிடுகிறது. ஆகவே பட்டறையில் காய்ந்த மரமாக இருந்தது ஏசி அறையில் பச்சை மரமாகிவிடுகிறது. மேசை எந்த அறைக்குப் போகிறது என்று தச்சர் கேட்டிருக்கவேண்டும். ஏசி பூட்டும் எண்ணம் இருந்திருந்தால் நீங்களும் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். ஏசி அறைக்கு மேசை செய்பவர்கள் பலகைகளை வாங்கி, இடையிடையே குச்சி வைத்து, அந்த அறையிலேயே ஒன்றிரண்டு மாதம் கிடத்திவிட்டு வேலை தொடங்குவது நல்லது. வீட்டுக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

குற்றத்தைப் பங்கு பிரிக்கச் சொன்னால் பெரும்பங்கைத் தச்சர் கணக்கில்தான் எழுதுவேன். ஆனால் அவரைத் திட்டிவிடாதீர்கள். தொழில் பழகிய காலத்தில் என் மைத்துனருக்கு மஹோகனியில் எழுதும் மேசை செய்து கொடுத்தேன். முனைக்கட்டைக்கு எட்டு முளை, அதாவது மர ஆணி, வைத்து, எட்டுக்கும் பசையிட்டு, போதாதென்று விளிம்பு முழுவதும் பூசினேன். இரண்டாம் வருடம் அது வெடித்தது. வெடிப்பில் மரத்தூளும் பசையும் கலந்து அடைத்து, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். அடுத்த மழைக்காலத்தில் பலகை பருத்தது. அடைத்த பசை வழிவிடாமல் நின்றது. பக்கத்துப் பலகையில் புதிய வெடிப்பு ஒன்று திறந்தது. ஆகையால் உங்களுக்கு இப்போதைக்கு ஒரே அறிவுரை: அந்த வெடிப்பை எதனாலும் அடைக்காதீர்கள். திருத்தும் வழியைக் கீழே நான்காவது கேள்விக்கான பதிலில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: நான் வங்கியில் வேலை செய்பவன், ஓய்வு நேரத்தில் வீட்டு மாடியில் மரவேலை செய்கிறேன். கை வாள், உளிகள், சீவுளி, ஒரு கை ட்ரில் தவிர வேறு கருவி இல்லை. மூன்றடி அகல மேசைக்கு முனைக்கட்டையை முறையாகப் பொருத்தும் விதத்தை அளவுகளோடு சொல்வீர்களா? பசையே பூசக்கூடாதா? – வாசகர், கொட்டாஞ்சேனை.

பதில்: உங்களிடம் உள்ள கருவிகள் போதும். பசையும் பூசலாம், ஆனால் நடுவில் மட்டும். முனைக்கட்டையின் வேலை பலகையை அசையவிடாமல் தடுப்பதல்ல. பலகை நெளியாமலும் கிண்ணம்போலக் குழியாமலும் தட்டையாக வைத்திருந்து, அகலவாக்கில் விரும்பியபடி போய்வர விடுவது. நம் பழைய வீடுகளின் கதவை நினைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தில் நீளமாக வெட்டிய பள்ளத்துக்குள், அதாவது தவாளிப்புக்குள், நடுப்பலகை பசையில்லாமல் நிற்கிறது. மழைக்குப் பருக்கவும் கோடைக்கு ஒடுங்கவும் அதற்கு இடமிருக்கிறது. முனைக்கட்டையும் அதே ஏற்பாடுதான், நடுவில் ஒரு பிடிப்பு மட்டும் கூடுதல்.

முதலில் நீளக் கணக்கு. பலரும் பலகையை மேசையின் முழு நீளத்துக்கோ, கட்டையின் அகலத்தைக் கழித்தோ வெட்டிவிட்டுப் பின்னர் கழுந்துக்கு, அதாவது கட்டையின் குழிக்குள் நுழையும் நீட்டத்துக்கு, மரமில்லாமல் தவிக்கிறார்கள். முடிந்த மேசை 1830 மில்லிமீற்றர் என்றும் கட்டைகள் ஒவ்வொன்றும் 75 மில்லிமீற்றர் அகலம் என்றும் வைத்துக்கொண்டால், தோளிலிருந்து தோளுக்கு (கழுந்து தொடங்கும் படியே தோள்) 1680. அதோடு இரு தலைப்பிலும் 45 மில்லிமீற்றர் கழுந்து. ஆகப் பலகையின் நீளம் 1770. முனைக்கட்டையை மட்டும் மேசையின் அகலத்தைவிட ஓரங்குலம் நீளமாக விட்டுவைத்துக் கடைசியில் அறுங்கள். தடிப்பிலும் அரை மில்லிமீற்றர் கூடுதலாக இருக்கட்டும். பொருத்திய பின் சீவிச் சமப்படுத்தலாம்.

பலகையின் தலைப்பில் இரு முகத்தையும் குறைத்து எடுக்கும் மெல்லிய பகுதியே நாக்கு. பலகை 25 மில்லிமீற்றர் தடிப்பானால் நாக்கின் தடிப்பு எட்டு, அதாவது மூன்றிலொன்று. அகலம் முழுவதும் பத்து மில்லிமீற்றர் நீளத்துக்கு ஒரு குட்டை நாக்கு ஓடவேண்டும். அந்த நாக்கிலிருந்து மூன்று இடங்களில் மட்டும் 80 மில்லிமீற்றர் அகலமான கழுந்துகள் 45 வரை நீளவேண்டும்: ஒன்று சரியாக நடுவில், மற்ற இரண்டும் நடுவிலிருந்து 330 மில்லிமீற்றர் தள்ளி இரு பக்கமும். தோள்கோட்டை பென்சிலால் வரையாதீர்கள். கூரிய கத்தியால் கீறுங்கள். கீறலின் கழிவுப் பக்கத்தில் உளியால் சிறு சரிவு எடுத்து விட்டால் வாள் தானாக அதில் உட்காரும். மூன்றடித் தோள்கோட்டை நேராக அறுப்பது கடினமானால் பலகைக்கு மேலே நேர்க்கட்டையொன்றை கிளாம்ப் போட்டு, அதில் வாளை உரசியபடி அறுக்கலாம்.

கட்டையில் தவாளிப்பு எடுத்து, கழுந்துகளுக்கான குழிகளைப் பொளியுங்கள். ட்ரில்லால் வரிசையாகத் துளையிட்டுவிட்டு, சுவர்களைக் கொட்டாப்புளியும் உளியும் கொண்டு சீர்செய்வது எளிது. ஆழம் கழுந்தைவிட இரண்டு மில்லிமீற்றர் கூட இருக்கட்டும். நடுக்குழி கழுந்துக்கு அச்சொட்டாக, கையால் அழுத்தினால் இறங்கும் அளவில் இருக்கவேண்டும். வெளிக்குழிகள் இரண்டையும் 80க்குப் பதிலாக 88 மில்லிமீற்றர் அகலமாகப் பொளியுங்கள், பக்கத்துக்கு நான்கு. இந்த நான்கு மில்லிமீற்றர் எங்கிருந்து வந்தது என்றால், நடுவிலிருந்து 330 மில்லிமீற்றர் தூரத்திலுள்ள கழுந்து, முதற் பதிலில் சொன்ன ஐந்து சதவீத ஈர மாற்றத்தில், மூன்று மில்லிமீற்றரளவே நகரும். மிச்சம் உங்கள் கை தவறுவதற்கு.

முளை அடிப்பதற்கு முன் ஒரு நுணுக்கம். கட்டையின் உள்விளிம்பை, பலகையின் தோளில் மோதும் அந்த விளிம்பை, நடுவில் அரை மில்லிமீற்றர் குழியுமாறு சீவுளியால் எடுங்கள். கட்டையைத் தோளோடு வைத்துப் பார்த்தால் இரு நுனிகளும் தொட்டுக்கொண்டு, நடுவில் ஒரு தாள் நுழையும் வெளிச்சம் தெரியவேண்டும். நடுக்கழுந்தை இறுக்கும்போது அந்த இடைவெளி மூடி, நுனிகள் வில்லைப்போல் தோளை அழுத்திக்கொண்டிருக்கும். பசையில்லாத நுனிகளில் காலப்போக்கில் வாய்பிளக்காமல் இருக்க இதைவிட நல்ல காவல் எனக்குத் தெரியாது. அரைக்கு மேல் எடுக்காதீர்கள்.

இப்போது பசையில்லாமல் கட்டையை மாட்டி, தோளிலிருந்து 20 மில்லிமீற்றர் தள்ளி, ஒவ்வொரு கழுந்தின் நடுவுக்கும் நேராக, கட்டையின் அடிப்பக்கத்திலிருந்து எட்டு மில்லிமீற்றர் துளையிடுங்கள். அடியிலிருந்து இட்டால் மேலே முளையின் தலை தெரியாது; ஆனால் மேல்முகம் வரை போய்விடாமல் ட்ரில் அலகில் நாடா ஒட்டி ஆழத்தைக் குறித்துக்கொள்ளவேண்டும். கட்டையின் கீழ்ச்சுவரைத் துளைத்தவுடன் நிறுத்தி, அலகின் கூர்முனையால் கழுந்தில் ஒரு புள்ளி மட்டும் குத்திவிட்டுக் கட்டையைக் கழற்றுங்கள். அந்தப் புள்ளிக்குத் தோள்ப்பக்கமாக ஒரு மில்லிமீற்றர் தள்ளி மறுபுள்ளி வைத்து, அதில் கழுந்தைத் துளையுங்கள். கட்டையின் மேல்ச்சுவரிலும் அதே துளை பாதியாழம் தொடரவேண்டும். இரண்டு துளைகளும் நேருக்கு நேர் இல்லாததால், முளை இறங்கும்போது கழுந்தை உள்ளே இழுத்துத் தோளை இறுக்கும்.

வெளிக் கழுந்துகளின் துளைகளை மட்டும் மேசையின் அகலவாக்கில் இரு பக்கமும் நான்கு நான்கு மில்லிமீற்றர் நீட்டவேண்டும். சிறிய வட்ட அரம் போதும். இங்கேதான் பலருக்குக் கை வழுக்குகிறது: கழுந்தின் நுனிப்பக்கமாக உள்ள துளைச்சுவரில் அரம் படவே கூடாது, ஏனென்றால் முளை உரசி இழுப்பது அந்தச் சுவரைத்தான். ஒடுங்கும் மேசையில் கழுந்து நடுவை நோக்கி நகர்கிறது, முளையோ கட்டையோடு நிற்கிறது. ஆகவே குழியில் நடுப்பக்கமாகவும், கழுந்துத் துளையில் வெளிப்பக்கமாகவும் இடம் தேவை. மேசை ஏசி அறைக்குத்தான் போகிறது என்பது உறுதியானால் அந்தப் பக்கங்களில் இன்னுமொரு மில்லிமீற்றர் கூட்டிக்கொள்ளுங்கள்.

பூட்டும் நாளில், நடுக்கழுந்துக்கும் நடுக்குழிக்கும் மட்டும் பசை. அதற்கு இரு பக்கமும் உள்ள நாக்கில் இரண்டங்குலம் வரை பசை பட்டாலும் குற்றமில்லை. அதற்கப்பால் ஒரு துளியும் வேண்டாம். வெளிக்கழுந்துகளிலும் நாக்கின் மிச்சத்திலும் வீட்டிலுள்ள மெழுகுதிரியைத் தேய்த்துவிடுங்கள், வழிந்துவரும் பசையும் ஒட்டாது, பலகையும் சத்தமில்லாமல் வழுக்கிப் போய்வரும். நடு முளையைப் பசையோடு அடியுங்கள். வெளி முளைகளை வறண்டே அடித்து, கடைசி கால் அங்குலம் வெளியே நிற்கும்போது அந்தக் கால் அங்குலத்தில் மட்டும் பசை தொட்டு இறக்குங்கள். அப்பசை கட்டையின் கீழ்ச்சுவரோடு முளையைப் பிடிக்கும், கழுந்தைத் தொடாது. முளைக்கு நேராக நார் ஓடும் கடினமரம் வேண்டும். முதிரைத் துண்டு கிடைத்தால் அதைவிட நல்லதில்லை.

இவ்வளவும் செய்தபின் மேசைப் பலகையைக் கால்சட்டத்தோடு நேர்த் திருகாணிகளால் இறுக்கிவிட்டால் எல்லாம் வீண். சட்டத்தில் தவாளிப்பு எடுத்து, அதற்குள் நுழைந்து நகரும் சிறு மரத்துண்டுகளான மரப்பொத்தான்களால் பிடியுங்கள், அல்லது திருகாணித் துளைகளையும் அகலவாக்கில் நீட்டி வொஷரோடு பூட்டுங்கள். வார்னிஷை மேல்முகத்துக்கு மட்டும் அடித்துவிட்டு அடிமுகத்தை வெறுமனே விடவும் கூடாது. ஒரு முகம் ஈரத்தை வேகமாக வாங்க, மறுமுகம் மெதுவாக வாங்கினால், பலகை குழியத்தான் பார்க்கும். வார்னிஷ் ஈரத்தைத் தடுத்துவிடும் என்றும் நம்பாதீர்கள். அது தாமதப்படுத்தும், அவ்வளவே.

கேள்வி: எங்கள் மேசையில் முனைக்கட்டை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐப்பசி மழையில் பலகை, கட்டையின் நுனியைவிட ஒரு மில்லிமீற்றர் வெளியே வருகிறது. மாசியில் அதே அளவு உள்ளே போகிறது. சீவிச் சமப்படுத்தலாமா? – வாசகர், தெஹிவளை.

பதில்: வேண்டாம். உங்கள் தச்சர் வேலை தெரிந்தவர். கொழும்பில் சித்திரை, வைகாசி மழைக்கும் ஐப்பசி, கார்த்திகை மழைக்கும் பருத்து, தை மாசியில் ஒடுங்கும் பலகையை மழைக்காலத்தில் கட்டையோடு சமமாகச் சீவினால், மாசியில் இரட்டிப்பாக உள்ளே போய் நிற்கும். பிறகு கட்டையை அறுக்கத் தோன்றும், அடுத்த மழையில் மீண்டும் பலகையைச் சீவத் தோன்றும். கட்டையின் நுனி மூலைகளையும் பலகையின் விளிம்பையும் மெல்லிய அரத்தாளால் இலேசாக உருட்டிவிடுங்கள். சேலை நூல் மாட்டாது, கையிலும் தட்டுப்படாது. புதிதாகச் செய்விப்பவர்கள், கட்டையை இரு பக்கமும் மூன்று மில்லிமீற்றர் வேண்டுமென்றே நீட்டி விடச் சொல்லலாம். அப்போது பருவம் எதுவானாலும் கட்டை வெளியேதான் நிற்கும். பார்ப்பவர்கள் அதை வடிவமைப்பு என்று எண்ணிக்கொள்வார்கள்.

கேள்வி: பாட்டனார் காலத்து முதிரை மேசையொன்று எங்களிடம் இருக்கிறது. முனைக்கட்டைகள் ஒட்டப்பட்டவை. இரு தலைப்பிலும் நீண்ட வெடிப்புகள். மரம் இன்னும் இரும்புபோல் இருக்கிறது. திருத்த முடியுமா? – வாசகி, வத்தளை.

பதில்: முடியும், தாராளமாக. முதலில் எந்தப் பசை என்று பாருங்கள். மூட்டின் அடிப்பக்கத்தில் பசை தெரியும் இடமொன்றில் வெந்நீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் வைத்துவிட்டு விரலால் தொட்டால், பிசுபிசுவென்று தேன்போல் ஒட்டினால் அது வச்சிரம், விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த பழங்காலப் பசை. பாலாக வெளிறினால் பிற்காலத்தில் யாரோ திருத்தியபோது பூசிய வெள்ளைப் பசை. வச்சிரமானால் உங்களுக்கு அதிர்ஷ்டம். சூடும் ஈரமும் பட்டால் அது இளகும். வெந்நீர்த் துணியும் துணிமேல் வைத்த இஸ்திரிப்பெட்டியும் மெல்லிய கத்தித் தகடும் கொண்டு, பொறுமையிருந்தால் ஒரு நாளில் கட்டையைச் சேதமில்லாமல் கழற்றிவிடலாம். மேல்முகத்தின் பழைய மினுக்கு அதில் கெடும் என்பதை மட்டும் முன்கூட்டியே ஏற்றுக்கொள்ளுங்கள். எங்காவது ஆணி அடித்திருக்கிறார்களா என்று காந்தத்தால் தடவிப் பார்த்தபின் தொடங்குங்கள்.

வெள்ளைப் பசையானால் கழற்ற முயன்று மரத்தைக் கிழிப்பதைவிட, மூட்டின் கோட்டிலேயே மெல்லிய வாளால் அறுத்து எடுப்பது நல்லது. வெள்ளவத்தை வாசகிக்கும் இதே வழிதான். அறுக்கும்போது கவனியுங்கள்: வாள் கடைசி அங்குலத்தைக் கடக்கையில், இத்தனை காலம் பிடித்து வைக்கப்பட்டிருந்த பலகை விடுபட்டு, வெடிப்பு உங்கள் கண்முன்னாலேயே கொஞ்சம் மூடிக்கொள்ளக்கூடும். முழுவதும் மூடாவிட்டாலும் பதறவேண்டாம். மேசையை அது இருக்கப்போகும் அறையிலேயே சில வாரம் கட்டையில்லாமல் விட்டுவிட்டு, பிறகு வெடிப்புக்குள் ஊசி முனையால் பசை செலுத்தி, கிளாம்ப் போட்டு மெதுவாக இறுக்குங்கள். கிளாம்ப்புக்கு மூடாத வெடிப்பை வலிந்து மூடாதீர்கள். அந்த வெடிப்பு வழியாகப் பலகையை நீளவாக்கில் அறுத்து, இரு விளிம்பையும் சீவி மறுபடி ஒட்டுவதே நேர்மையான வேலை. மேசை கால் அங்குலம் ஒடுங்கும். யாரும் அளந்து பார்க்கப் போவதில்லை.

அறுத்த தலைப்பில் கழுந்துக்கு மரமில்லையே என்று கேட்பீர்கள். பலகையின் தலைமுகத்திலும் (நார் முடியும் வெட்டுமுகம்) குழி பொளிந்து, தனியாகச் செய்த கழுந்துத் துண்டுகளை அங்கே பசையிட்டு இறுக்கினால், மறுபாதி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். கழுந்துத் துண்டின் நாரும் பலகையின் நாரும் ஒரே திசையில் ஓடுவதால் அங்கே பசையால் தீங்கில்லை. அதன் பிறகு, கொட்டாஞ்சேனை வாசகருக்கு எழுதியபடி நடுவில் இறுக்கம், ஓரங்களில் தளர்வு. பழைய கட்டையையே திரும்பப் பொருத்துங்கள். புதிய முதிரை வாங்கினாலும் பாட்டனார் கட்டையின் நிறம் வராது.

கேள்வி: இவ்வளவு சிரமப்பட்டு முனைக்கட்டை வைக்கத்தான் வேண்டுமா? எங்களுடையது வெறும் நாலடிப் படிப்பு மேசை, பலாப் பலகை. – மாணவர், பம்பலப்பிட்டி.

பதில்: வேண்டியதில்லை, தம்பி. முனைக்கட்டைக்கு இரண்டு பயன்: பலகையைத் தட்டையாக வைப்பது, ஈரத்தை மிக வேகமாக வாங்கி விடும் தலைமுகத்தை மூடுவது. முதல் பயனை அடிப்பக்கத்தில் குறுக்காக வைக்கும் இரண்டு சட்டங்களாலேயே பெறலாம். இரண்டங்குல அகலச் சட்டத்தின் நடுவில் ஒரு சாதாரணத் துளை, இரு ஓரங்களிலும் நீட்டிய துளை, பசை இல்லை. தலைமுகத்துக்கு வார்னிஷை இரண்டு பூச்சுக் கூடுதலாகக் கொடுத்தால் இரண்டாவது பயனும் ஓரளவு கிடைத்துவிடும். ஏற்கெனவே முறுகிய பலகையை முனைக்கட்டையோ சட்டமோ நிமிர்த்தாது. அதை முதலில் சீவி நேராக்கவேண்டும். கடற்கரைக்கு இவ்வளவு அருகில் இருக்கிறீர்கள், இரும்புத் திருகாணி வாங்காதீர்கள். உப்புக் காற்றில் துருப்பிடித்து நீட்டிய துளைக்குள்ளேயே இறுகிவிட்டால் பசை பூசியதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. பித்தளைத் திருகாணி வாங்குங்கள். அது மென்மையானது, முறியும், ஆகவே அதே அளவு இரும்புத் திருகாணியை ஒருமுறை ஏற்றி வழி வெட்டி, அதைக் கழற்றிவிட்டுப் பித்தளையை மெழுகு தடவி ஏற்றுங்கள்.